ஒய்யா, என்னா? லினக்ஸ் அப்கிரேடில் கான்ஃபிக் கோப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்து புதுச்சேரி லாஸ்பேட்டை வரை, லினக்ஸ் ஓடும் இருபதுக்கு மேற்பட்ட கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், ஒரு டியூஷன் சென்டர், இரண்டு மூன்று வாடகை சர்வர்கள். எங்கேயாவது அப்கிரேட் போட்டால் எனக்கு போன் வரும். கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான், ஆட்கள்தான் வேறு. வாட்ஸாப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் லினக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், அதை வைத்தே பேசுகிறேன். ஃபெடோரா, ஆர்ச் ஆட்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

கான்ஃபிக் ஃபைல்னா என்ன? நான் அந்தப் பக்கமே போனதில்லையே?

ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. கணினி முழுமைக்குமான அமைப்புகள் அநேகமாக /ஈடிசி என்ற கோப்புறைக்குள் இருக்கும். எந்த ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்வது, வெளியிலிருந்து யார் உள்ளே நுழையலாம், கணினி கிளம்பும்போது எத்தனை வினாடி காத்திருப்பது என்பதெல்லாம் அங்கேதான். நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். உங்கள் கணினியை அமைத்துக் கொடுத்தவர் போயிருப்பார்.

அண்ணா, அப்டேட் நடுவுல நின்னு ஏதோ கேக்குது. ஒய்யா, என்னா? எதை அழுத்தணும்?

அது கேட்பது இதுதான்: இந்தக் கான்ஃபிக் கோப்பு உங்களிடம் மாறியிருக்கிறது, பேக்கேஜிலும் (புரோகிராம் வரும் பொட்டலம்) புதிதாக வந்திருக்கிறது, எதை வைக்கட்டும்? 'ஒய்' அல்லது 'ஐ' என்றால் பேக்கேஜோடு வந்த புதுக் கோப்பைப் போடு. 'என்' அல்லது 'ஓ' என்றால் என்னிடம் இருப்பதை அப்படியே வை. 'டி' என்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டு. 'இசட்' என்றால் கொஞ்சம் பொறு, நான் ஒரு ஷெல் (கட்டளை தட்டும் திரை) திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். (ஷெல்லில் 'எக்ஸிட்' என்று தட்டினால் மறுபடி இதே கேள்விக்கு வந்து நிற்கும்.)

கடையில் ஆள் நிற்கிறார், யோசிக்க நேரமில்லை என்றால் வெறும் எண்டர் தட்டுங்கள். அது 'என்'. இருப்பது இருந்தபடி இருக்கும், புதுக் கோப்பு பக்கத்திலேயே 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு உட்கார்ந்திருக்கும். எந்தக் கோப்புக்குக் கேட்டது என்பதை மட்டும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் அதைப் பார்க்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

எல்லா தடவையும் கேக்கலையே? சில நேரம் மட்டும் ஏன்?

கம்பெனி அச்சடித்துக் கொடுத்த விலைப்பட்டியலைக் கடையில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் அதில் பேனா வைக்கவே இல்லை, கம்பெனி புதுப் பட்டியல் அனுப்புகிறது. பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். நீங்கள் நாலு விலையைத் திருத்தியிருக்கிறீர்கள், ஆனால் கம்பெனி பட்டியலை மாற்றவில்லை. உங்கள் திருத்தம் அப்படியே இருக்கலாம். நீங்களும் திருத்தி, கம்பெனியும் மாற்றியிருந்தால்தான் பையன் உங்களிடம் வந்து "எதை ஒட்டறது?" என்று கேட்க வேண்டும்.

டிபிகேஜி, அதாவது டெபியன் குடும்பத்தில் பேக்கேஜ்களை நிறுவும் புரோகிராம், செய்வதும் இதேதான். நிறுவும்போது வந்த கோப்பின் எம்டி5 கைரேகையை (உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரும் ஒரு குறியீடு) அது குறித்து வைத்துக்கொள்கிறது. அப்கிரேடில் மூன்றை ஒப்பிடுகிறது: அன்று வந்தது, இன்று உங்கள் வட்டில் இருப்பது, இப்போது புதிதாக வருவது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் வாயைத் திறக்கும்.

நான் கை வைக்கவே இல்ல. ஆனா "மாத்தியிருக்கீங்க"ன்னு சொல்லுது. பொய்தானே?

திரையில் இருக்கும் வரியை முழுசாகப் படியுங்கள். "உங்களால் அல்லது ஒரு ஸ்கிரிப்டால் மாற்றப்பட்டது" என்றுதான் சொல்கிறது. வாடகை சர்வராக இருந்தால் வாங்கிய அன்றைக்கே கிளவுட்-இனிட் போன்ற, புது சர்வரைத் தானே அமைக்கும் புரோகிராம் ஒன்று பாஸ்வேர்டு நுழைவை மாற்றியிருக்கும். கண்ட்ரோல் பேனல் போட்டிருந்தால் அது தன் இஷ்டத்துக்கு எழுதும். கைரேகை என்பதால் ஒரு வெற்று வரி கூடினாலும் அதற்கு அது மாற்றம்தான்.

எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்று முன்கூட்டியே பார்க்கலாம். 'டிபிகேஜி' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஹைஃபன், பெரிய 'வி'. வரும் பட்டியலில் நடுவே சின்ன 'சி' இருக்கும் வரிகள் கான்ஃபிக் கோப்புகள். அப்கிரேடுக்கு முதல் நாள் இதை ஓட்டிவிட்டால், மறுநாள் எந்தக் கோப்புக்குக் கேள்வி வரக்கூடும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

தெரியாம 'ஒய்' குடுத்துட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. உங்கள் பழைய கோப்பு 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு அதே இடத்தில் இருக்கும். நீலப் பெட்டியில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) கேட்ட கேள்வியாக இருந்தால் வால் 'யூசிஎஃப்-ஓல்டு'. முதல் வேலையாக அதை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த முறை இதே கோப்புக்கு மறுபடி 'ஒய்' கொடுத்தால் இந்த நகலின் மேலேயே எழுதிவிடும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகம். தை மாதக் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த வாரம். காலை ஒன்பதரைக்கு முதலாளி கூப்பிட்டார்: "தம்பி, கார்டு ஃபோல்டரே காணோம். டிசைன் பண்ற பொண்ணு அழுவுது." வட்டில் ஃபோல்டர் பத்திரமாகத்தான் இருந்தது. முந்தின இரவு அப்கிரேடில், ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா கேட்டதற்கு யாரோ 'புதியதைப் போடு' என்று சொல்லிவிட்டார்கள். சாம்பாவின் புதிய கான்ஃபிக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃபில் 'கார்டு' என்ற பகிர்வே கிடையாது, அதனால் நெட்வொர்க்கில் தெரியவில்லை. யூசிஎஃப்-ஓல்டு கோப்பைப் பழைய பெயருக்கே நகலெடுக்கச் சொன்னேன், 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்தோம், சாம்பாவின் சர்வீஸான எஸ்எம்பிடியை ரீஸ்டார்ட் செய்தோம். போனில் பேசியதையும் சேர்த்துப் பத்து நிமிடம்.

'டி' அழுத்தினா ப்ளஸ், மைனஸா கொட்டுது. வெளியவும் வர முடியல.

வெளியே வர 'க்யூ'. இதற்காகவே கணினியை அணைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மைனஸ் போட்ட வரி உங்கள் கோப்பில் இருப்பது, ப்ளஸ் போட்ட வரி புதியதில் இருப்பது. குறி இல்லாத வரிகள் இரண்டிலும் ஒன்றுதான், இடம் தெரிவதற்காகக் காட்டுகிறது. படிக்கும்போது மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹேஷ் குறியோடு ஆரம்பிக்கும் வரிகள் வெறும் விளக்கம், தாண்டிவிடலாம். உங்களுக்குப் பரிச்சயமான மைனஸ் வரி என்றால் அது உங்கள் திருத்தம், காப்பாற்ற வேண்டியது. நீங்கள் கேள்வியே படாத சொல் ப்ளஸ் வரியில் இருந்தால் அங்கே நில்லுங்கள். அதுதான் புதிய பதிப்பு புதிதாக எதிர்பார்ப்பது.

என் வழக்கம் இது: என் திருத்தம் ஐந்து வரிக்குள் என்றால் 'ஒய்' கொடுத்துவிட்டு அந்த ஐந்தையும் புதுக் கோப்பில் மறுபடி எழுதுவேன். அதற்கு மேல் என்றால் 'என்' கொடுத்து, புதியதில் வந்திருப்பதை என் கோப்பில் சேர்ப்பேன்.

அப்போ எப்பவும் 'என்' குடுத்தாலே போதும்ல? பயமில்லாம இருக்கலாம்.

அன்றைக்குப் பயமில்லை. ஆனால் அது கைமாத்து வாங்கின மாதிரி. புரோகிராம் புதுசு, கான்ஃபிக் பழசு என்று இரண்டு மூன்று வெளியீடு ஓடினால் எங்காவது இடிக்கும். சில புரோகிராம்கள் பழைய சொற்களைக் கண்டால் கிளம்பவே மறுக்கும். டெபியன் 13-இல் வந்த மின்னஞ்சல் சர்வரான டவ்காட் 2.4 அப்படித்தான். 2.3-க்கு எழுதிய கான்ஃபிக்கை அது ஏற்காது, மின்னஞ்சல் நின்றுவிடும். இங்கே 'என்' உங்களைக் காப்பாற்றாது. 'ஒய்' மட்டும் கொடுத்தாலும் காப்பாற்றாது. உட்கார்ந்து மாற்றி எழுதத்தான் வேண்டும்.

சத்தமே இல்லாமல் கெடுப்பது இன்னொரு வகை. வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் முக்கியக் கோப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கின் தலையில், டெபியன் 11, உபுண்டு 20.04 முதல் 'இன்க்ளூட்' என்ற ஒரு வரி வருகிறது. பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்புறையையும் சேர்த்துப் படி என்பது அதன் பொருள். டெபியன் 10 காலத்திலிருந்து எண்டராகவே தட்டி வந்தவர் கோப்பில் அந்த வரி இருக்காது. அப்புறம் ஒரு நாள் அந்தக் கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்து, "பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பார். யாரும் அதைப் படிக்கவே இல்லை, கதவு திறந்தே கிடக்கும்.

சில நேரம் கறுப்புத் திரையில கேக்குது, சில நேரம் நீலப் பெட்டியில. ரெண்டும் ஒண்ணா?

கேள்வி ஒன்று, கேட்பவர் வேறு. கறுப்பில் கேட்பது டிபிகேஜி. நீலத்தில் கேட்பது யூசிஎஃப். நிறுவும்போது ஸ்கிரிப்ட் உருவாக்கும் கோப்புகளை டிபிகேஜி நேரடியாகக் கண்காணிக்காது, அவற்றை யூசிஎஃப் பார்த்துக்கொள்கிறது. சாம்பா, எஸ்எஸ்எச்டி, க்ரப் (கணினியைக் கிளப்பிவிடும் புரோகிராம்) எல்லாம் இந்தப் பக்கம்.

நீலப் பெட்டியில் ஒரு வசதி கூடுதல். பட்டியலில் மும்முனை இணைப்பு என்ற தேர்வும் சில நேரம் இருக்கும். உங்கள் திருத்தமும் புது மாற்றமும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ஒரே வரியில் மோதினால் கைவிரிக்கும்.

க்ரப் கேட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில் 'நோமோட்செட்' போன்ற ஒரு சொல்லை யாராவது அங்கே சேர்த்து வைத்திருப்பார்கள். 'ஒய்' கொடுத்தால் அது போய்விடும், அடுத்த முறை ஆன் செய்யும்போது திரை இருட்டாக நிற்கும்.

இந்தக் கேள்வியே வராம இருக்க வழி இருக்கா?

இருக்கிறது, நான் யாரைப் பார்த்தாலும் சொல்வதும் அதைத்தான். பேக்கேஜ் கொடுத்த கோப்பில் பேனா வைக்காதீர்கள். பெரும்பாலான புரோகிராம்களுக்கு இப்போது '.டி' என்று முடியும் ஒரு கோப்புறை இருக்கிறது. உங்கள் நாலு வரியைத் தனிக் கோப்பாக அங்கே வையுங்கள். விலைப்பட்டியலைத் திருத்தாமல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவது மாதிரி. பட்டியல் எத்தனை முறை மாறினாலும் சீட்டு அப்படியே இருக்கும், மாற்றாத கோப்புக்குக் கேள்வியும் வராது.

பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நடத்துவது சிஸ்டம்டி. அவற்றுக்கு 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று சர்வீஸ் பெயரோடு தட்டுங்கள், அதுவே தனிச் சீட்டை உருவாக்கிக் கொடுக்கும். '--ஃபுல்' சேர்த்தால் முழுக் கோப்பையும் நகலெடுத்துவிடும். அப்படிச் செய்தால் பேக்கேஜில் பின்னால் வரும் திருத்தம் எதுவும் உங்களுக்கு எட்டாது. யாராவது எப்போதோ அப்படிச் செய்து வைத்தார்களா என்று 'சிஸ்டம்டி-டெல்டா' காட்டும்.

நீங்க சொன்ன மாதிரி '.டி' ஃபோல்டர்ல ஃபைல் வச்சேன். ஒண்ணுமே ஆகல.

முதலில், முக்கியக் கோப்பில் 'இன்க்ளூட்' வரி இருக்கிறதா பாருங்கள். கதை மேலே 'என்' பற்றிய பதிலில் இருக்கிறது.

அடுத்தது பெயர். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு சம்பிரதாயம். எஸ்எஸ்எச்டி '.கான்ஃப்' என்று முடிந்தால்தான் படிக்கும். அட்மின் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் சூடோவின் சூடோயர்ஸ்.டி நேர்மாறு, பெயரில் புள்ளி இருந்தாலே ஒதுக்கிவிடும். 'லேப்.கான்ஃப்' என்று வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சூடோவைத் திட்டியவன் நான்தான். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்டு இதற்கெல்லாம் மேல், உள்ளே கிடக்கும் எதையும் படித்துவிடும். 'டிஃபால்ட்.பேக்' என்று நகல் போட்டு வைத்தால் அதையும் ஒரு தளமாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும். நகல்களை அங்கே வைக்காதீர்கள்.

மூன்றாவது வரிசை. பொதுவாகக் கடைசியாகப் படித்ததுதான் செல்லும், ஆனால் எஸ்எஸ்எச்டிக்கு முதலில் படித்ததுதான் செல்லும். கோப்புறையில் ஏற்கெனவே '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' இருந்தால் உங்கள் கோப்புக்கு '99' என்று பெயர் வைத்துப் பயனில்லை, '10' என்று வையுங்கள். கடைசியில் என்ன செல்லுபடியாகிறது என்று 'எஸ்எஸ்எச்டி', ஹைஃபன், பெரிய 'டி' சொல்லும்.

சர்வர் எங்கயோ இருக்கு, நான் முதுநகர்ல இருக்கேன். எஸ்எஸ்எச் கான்ஃபிக்குன்னு கேட்டாலே கை நடுங்குது.

நடுங்குவது நல்லதுதான். டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் அப்கிரேடை ஓட்டுங்கள், நெட் அறுந்தாலும் வேலை ஓடும். இரண்டாவது ஜன்னலில் இன்னொரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்து சும்மா வையுங்கள். கேள்வி வந்தால் 'என்'. முடிந்ததும் 'எஸ்எஸ்எச்டி', ஹைஃபன், சின்ன 'டி'. கோப்பில் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும், இல்லையென்றால் வாயே திறக்காது. அதற்குப் பிறகு ரீஸ்டார்ட். அப்போதும் திறந்திருக்கும் இணைப்புகளை மூடாதீர்கள், மூன்றாவதாகப் புதிதாக ஒன்று உள்ளே நுழைகிறதா பார்த்துவிட்டு மூடுங்கள்.

உபுண்டுவில் வெளியீடு மாற்றும் 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' எஸ்எஸ்எச் வழியாக ஓடினால், ஆபத்துக்கு உதவ 1022 போர்ட்டில் இன்னொரு கதவைத் திறந்து வைக்கும். உங்கள் ஃபயர்வாலில் அந்த எண் அடைத்திருந்தால் அந்தக் கதவால் பயனில்லை.

எங்ககிட்ட இருபது மெஷின். ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்து எண்டர் தட்டவா?

வேண்டாம். ஆனால் பலர் செய்யும் தவறு, 'டெபியன்_ஃப்ரண்ட்எண்ட்' என்பதை 'நான்இன்டராக்டிவ்' ஆக்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. அது நீலப் பெட்டியை மட்டும்தான் அடக்கும். கறுப்புத் திரைக் கேள்வி வேறு ஆளுடையது என்று பார்த்தோமே. பதில் சொல்ல யாரும் இல்லாமல் ஸ்கிரிப்டில் ஓடினால் டிபிகேஜி பிழை சொல்லிப் பாதியில் நின்றுவிடும். அதற்கு 'ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்', 'ஃபோர்ஸ்-கான்ஃபோல்டு' என்ற இரண்டையும் டிபிகேஜியை ஓட்டும் ஆப்ட்டின் டிபிகேஜி ஆப்ஷன்களாகக் கொடுக்க வேண்டும். பொருள்: வழக்கமான பதில் எதுவோ அதைச் செய், அப்படி ஒன்று இல்லையென்றால் பழையதை வை.

தானாக ஓடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸுக்கு இந்த ஆப்ஷன்கள் கொடுக்கவில்லையென்றால், கேள்வி கேட்கக்கூடிய பேக்கேஜைத் தொடாமல் விட்டுவிடும். லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். "தினமும் அப்டேட் ஆகுது சார்" என்று சொல்லும் இடத்தில் ஒரு முக்கியமான பேக்கேஜ் மட்டும் மாதக்கணக்கில் பழசாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியில் ஓட்டினாலும், முடிந்ததும் /ஈடிசிக்குள் பெயரில் 'டிபிகேஜி-', 'யூசிஎஃப்-' உள்ள கோப்புகளை 'ஃபைண்ட்' போட்டுத் தேடுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாக்கி வேலை. ஒப்பிட்டு முடித்ததை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் எது பழைய பாக்கி, எது புதுப் பாக்கி என்று தெரியாது.

கேள்வி திரையில நிக்கும்போதே கரண்ட் போயிடுச்சு.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இப்படி நின்ற கணினி ஒன்றை நான் எழுப்ப வேண்டியிருந்தது. கரண்ட் வந்ததும் ஆன் செய்து, 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர்', இடைவெளி, ஹைஃபன், 'ஏ'. விட்ட இடத்திலிருந்து தொடரும், அதே கேள்வியை மறுபடி கேட்கும். நீங்கள் பதில் சொல்லாத வரை உங்கள் கோப்பு தொடப்பட்டிருக்காது. புதியது 'டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு காத்திருக்கும், அதைக் கையால் அழிக்காதீர்கள். பிறகு ஆப்ட் ஏதாவது முனகினால் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

கோபத்துல கான்ஃபிக் ஃபைலையே டெலீட் பண்ணிட்டேன். ரீஇன்ஸ்டால் பண்ணாலும் திரும்ப வரல.

வராது. நீங்கள் அழித்ததும் ஒரு திருத்தம்தான் என்று டிபிகேஜி மரியாதை கொடுக்கிறது. 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' ஆப்ஷனோடு ரீஇன்ஸ்டால் செய்தால் வரும். 'ரிமூவ்' செய்துவிட்டுப் போட்டாலும் வராது. ரிமூவ் புரோகிராமை மட்டும் எடுக்கும், கான்ஃபிக்கை விட்டுவைக்கும். 'பர்ஜ்'தான் அதையும் துடைக்கும். பர்ஜ் செய்யும் முன் உள்ளே வேறு என்ன போகும் என்று பாருங்கள், சில பேக்கேஜ்கள் தரவையும் சேர்த்து எடுத்துவிடும்.

நான் ஃபெடோரா. எனக்கு எந்தக் கேள்வியும் வந்ததில்லையே?

உங்கள் பக்கம் டிபிகேஜியின் இடத்தில் இருக்கும் ஆர்பிஎம் கேட்காது, தானே முடிவெடுக்கும். உங்கள் கோப்பை வைத்துக்கொண்டு புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்று வைக்கும், அல்லது புதியதைப் போட்டு உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' என்று ஒதுக்கும். எது என்பது பேக்கேஜ் செய்தவர் எப்படிக் குறித்தார் என்பதைப் பொறுத்தது. 'ஆர்பிஎம்கான்ஃப்' என்ற கருவி போட்டுக்கொண்டால் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும். ஆர்ச்சில் 'பேக்நியூ', அதற்கு 'பேக்டிஃப்'. ஆக, உங்களுக்குக் கேள்வி வருவதில்லை, பாக்கி மட்டும் சேர்கிறது.

டெபியன் 12-லிருந்து 13 போனேன். எதுவுமே கேக்கல. ஆனா பிஎச்பி-ல அப்லோட் லிமிட் மறுபடி 2 எம்பி ஆயிடுச்சு. எப்படி?

கேள்வி வந்திருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதே கோப்பு அல்ல. டெபியன் 12-இல் பிஎச்பி 8.2, 13-இல் 8.4. கான்ஃபிக் இருக்கும் கோப்புறையின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. புது எண்ணுக்குப் புதுக் கோப்புறை, அதில் எல்லாம் ஆரம்ப மதிப்பு. உங்கள் திருத்தம் 8.2 கோப்புறையில் யாரும் படிக்காமல் கிடக்கிறது. எடுத்து 8.4-இன் கான்ஃப்.டிக்குள் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதே கதை, 15-லிருந்து 17. அங்கே மட்டும் 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்' தரவையும் அமைப்பையும் சேர்த்து நகர்த்திக் கொடுக்கும்.

இதே 13-இல் இன்னொன்று: /ஈடிசியில் கெர்னல் அமைப்புகளை வைத்திருக்கும் சிஸ்சிடிஎல்.கான்ஃபை கணினி கிளம்பும்போது சிஸ்டம்டி இனி படிப்பதில்லை. கோப்பு இருக்கும், வரிகள் இருக்கும், வேலை நடக்காது. சிஸ்சிடிஎல்.டிக்குள் '.கான்ஃப்' என்று முடியும் கோப்பாக மாற்றிவிடுங்கள்.

போன வருஷம் இந்த ஃபைல் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். வழி உண்டா?

'ஈடிசிகீப்பர்' பேக்கேஜைப் போடுங்கள். /ஈடிசி முழுவதையும் கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆப்ட் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தானே கமிட் (ஒரு பதிவு) போடும். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கலாம், 'ஒய்'யோ 'என்'னோ எதைக் கொடுத்தாலும் திரும்ப வரலாம். நான் புதிதாகக் கை வைக்கும் கணினியில் போடும் முதல் பேக்கேஜ் இது. ஒரே எச்சரிக்கை: அந்த நகலுக்குள் ஷேடோ கோப்பும், அதாவது எல்லோருடைய பாஸ்வேர்டு ஹேஷும், சாம்பா, மெயில் ரகசியங்களும் இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.